பெரிய கம்பெனியை ஒரு சி.இ.ஓ. மாற்றிவிட முடியுமா? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் மும்பையிலும் கம்பெனிக் கணக்குகளோடு காலம் தள்ளிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் நான். இங்கே எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகள், கல்யாணத்துக்கு என்று பெங்களூரிலிருந்து வருகிற ஐ.டி. பையன்கள், கடையை மகன் கையில் கொடுக்கலாமா என்று யோசிக்கிற அண்ணன்மார்கள் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எளிதாக இருக்கும், போகப் போகச் சிக்கல்.

1. "சி.இ.ஓ.ன்னா முதலாளி தானேண்ணே?"

இல்லை. சி.இ.ஓ., அதாவது தலைமைச் செயல் அதிகாரி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். கம்பெனி பங்குதாரர்களுடையது. அவர்கள் சார்பில் இயக்குநர் குழு இருக்கிறது. அந்தக் குழு நியமிக்கிற, வேண்டாம் என்றால் அதே குழு வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஆள்தான் சி.இ.ஓ. கையில் கொஞ்சம் பங்கு வைத்திருப்பார், அதனால் முதலாளி ஆகிவிட மாட்டார்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. பர்மாவில் கடை நடந்த காலத்தில் முதலாளி தேவகோட்டையில் இருப்பார், அங்கே கடையை நடத்தியது ஏஜெண்டு. மூன்று வருடத்துக்குச் சம்பளம் பேசி, சீட்டு எழுதி, முக்தியார் (முதலாளி சார்பில் செயல்படுகிற அதிகாரப் பத்திரம்) வாங்கிக்கொண்டு கப்பல் ஏறுவார். யாருக்குக் கடன், என்ன வட்டி, எந்தப் பாக்கியை எப்போது நெருக்குவது எல்லாம் அவர் முடிவு. கணக்கு மட்டும் தவறாமல் ஊருக்கு வந்தாக வேண்டும். அவர் ஒரு குடும்பத்துக்குப் பதில் சொன்னால் போதும், இன்றைய சி.இ.ஓ. லட்சக்கணக்கான பங்குதாரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

2. "சேர்மன், எம்.டி., சி.இ.ஓ. மூணும் ஒண்ணா? ஒரே ஆள் எல்லாமா இருக்காங்களே?"

சேர்மன் இயக்குநர் குழுவுக்குத் தலைவர். சி.இ.ஓ. அன்றாடம் கம்பெனியை நடத்துகிறவர். நம் நாட்டுச் சட்டத்தில் எம்.டி. (மேலாண்மை இயக்குநர்) என்கிற பதவிக்குத்தான் கனம் அதிகம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஐந்து வருடம்தான் நியமிக்கலாம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பல இடங்களில் எம்.டி.யும் சி.இ.ஓ.வும் ஒருவரே.

சேர்மனும் எம்.டி.யும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி பெரிய கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தப் பார்த்தது, குடும்ப நிறுவனங்கள் முணுமுணுத்தன, கடைசியில் 2022ல் விருப்பப்பட்டால் செய்யலாம் என்று தளர்த்திவிட்டது. என்னைக் கேட்டால் பிரிப்பதுதான் நல்லது. கேள்வி கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், அவ்வளவுதான் லாபம்.

3. "லட்சம் பேர் வேலை பாக்கிற கம்பெனியை ஒத்தை ஆள் மாத்திடுவாராக்கும்?"

லட்சம் பேரையும் அவர் மாற்றுவதில்லை, அதில் முக்கால்வாசிப் பேரை அவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார். அவர் கையில் இருப்பது பணத்தை எந்தத் தொழிலில் போடுவது, எந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது, எதை அளந்து யாருக்குச் சம்பள உயர்வு கொடுப்பது, எதை நிறுத்துவது, இவ்வளவுதான். இதில் எல்லோரும் மறந்துபோவது கடைசியில் சொன்னதை. புதிதாக ஒன்றைத் தொடங்க எந்த சி.இ.ஓ.வாலும் முடியும், கைதட்டலும் கிடைக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற, பெரிய பெரிய ஆட்கள் பிழைத்துக்கொண்டிருக்கிற ஒரு வேலையை நிறுத்தத்தான் தைரியம் வேண்டும்.

மேடைப் பேச்சு, முழக்கம், புது லோகோ எல்லாம் இதற்கு அப்புறம். அதனால் யாராவது ஒரு சி.இ.ஓ.வைப் புகழ்ந்தால் நான் முதலில் கேட்பது, வந்த முதல் இரண்டு வருடத்தில் அவர் எதையெல்லாம் நிறுத்தினார் என்பதைத்தான்.

4. "சத்யா நாதெள்ளா, சத்யா நாதெள்ளான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படி என்னதான் செஞ்சார்?"

2014 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் மூன்றாவது சி.இ.ஓ. ஆனார். 1992லேயே உள்ளே வந்தவர், சர்வர் வியாபாரத்தையும் கிளவுட் தொழிலையும் (இணையம் வழியாகக் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விடுவது) நடத்திக்கொண்டிருந்தவர். அன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு லாபத்தில் குறையில்லை, கைபேசியில் மட்டும் ஆப்பிளிடமும் கூகுளிடமும் தோற்றுப்போயிருந்தது. எதைச் செய்தாலும் அது விண்டோஸுக்கு உதவ வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தைத்தான் அவர் உடைத்தார். பதவிக்கு வந்து இரண்டு மாதம் முடிவதற்குள் ஆப்பிளின் ஐபேடில் ஓடுகிற வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் மூன்றும் வெளிவந்தன. அந்த மென்பொருள் அவர் வருவதற்கு முன்பே எழுதப்பட்டுக்கொண்டிருந்ததுதான், ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே மேடையில் நின்றதில் உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் சேதி போய்விட்டது. விண்டோஸுக்குப் போட்டியான இலவச மென்பொருள் லினக்ஸ். அதைப் புற்றுநோய் என்று முந்தைய சி.இ.ஓ. 2001ல் சொன்ன அதே கம்பெனி, லினக்ஸை நேசிக்கிறோம் என்று 2014 அக்டோபரில் திரையில் போட்டுக் காட்டியது. பாசம் ஒன்றுமில்லை, தங்கள் கிளவுடான அஸ்யூரில் வாடிக்கையாளர்கள் லினக்ஸைத்தான் ஓட்டுகிறார்கள் என்றால் அதற்கும் வாடகை வாங்கிக்கொள்ளலாமே என்கிற கணக்கு.

நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்குவதற்கான ஒப்பந்தம் அவர் வருவதற்கு முன்பே போட்டது. 720 கோடி டாலர் என்று பேசிய வியாபாரம் 2014 ஏப்ரலில் கைக்கு வந்தது, 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டம் என்று எழுதித் தள்ளிவிட்டார். வாங்கின விலையைவிட எழுதித் தள்ளியது அதிகம். 2018 மார்ச்சில் விண்டோஸுக்கு என்று தனியாக இருந்த பிரிவையே கலைத்து வேறு பிரிவுகளோடு சேர்த்தார். போட்ட பணத்தைப் பார்த்தால் 2016ல் லிங்க்டின் 2,620 கோடி டாலர், 2018ல் கிட்ஹப் 750 கோடி டாலர், அதோடு அஸ்யூருக்காக உலகம் முழுக்க டேட்டா சென்டர்கள். அவர் வந்தபோது சந்தை மதிப்பு சுமார் 30,000 கோடி டாலர், 2024 ஜனவரியில் 3 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. 3வது பதிலில் சொன்னவை எல்லாம் இந்த ஒரு கதையிலேயே கிடைக்கும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

5. "அப்ப முன்னாடி இருந்த பால்மர் ஒண்ணும் பண்ணலையா?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்ட பையன் பிழைத்துக்கொள்வான். ஸ்டீவ் பால்மர் காலத்தில் மைக்ரோசாஃப்டின் வருமானம் சுமார் 2,300 கோடி டாலரிலிருந்து 7,800 கோடி டாலருக்குப் போனது, அதாவது மூன்று மடங்குக்கு மேல். இன்றைக்குக் கொட்டிக் கொடுக்கிற அஸ்யூர் 2010ல் அவர் காலத்தில் விற்பனைக்கு வந்ததுதான். நாதெள்ளாவை அந்தத் தொழிலில் கொண்டுபோய் வைத்ததும் அவரது நிர்வாகமே. ஐபோன் வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு சி.இ.ஓ. விதைப்பது மூன்று, நான்கு வருடம் கழித்துத்தான் கணக்கில் தெரியும். அதனால் வந்த முதல் வருடத்து லாபத்தையும் நஷ்டத்தையும் வந்தவர் தலையில் கட்டாதீர்கள், பாதிக்கு மேல் முன்னவருடையது. இதை 12வது பதிலில் மறுபடியும் எடுக்கிறேன், அங்கே இது ரொம்ப முக்கியம்.

6. "கல்ச்சர் கல்ச்சர்ங்கிறாங்க. சுவத்துல போஸ்டர் ஒட்டுறதைத் தவிர அதுல என்ன இருக்கு?"

பெரும்பாலான கம்பெனிகளில் போஸ்டர்தான். உண்மையான மாற்றம் எங்கே தெரியும் என்றால் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில். மைக்ரோசாஃப்டில் நெடுநாள் ஒரு முறை இருந்தது. ஒரு குழுவில் பத்துப் பேர் என்றால், பத்துப் பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும், இத்தனை பேருக்கு மேல் வரிசை, ஒருவருக்காவது கடைசி வரிசை என்று மேலாளர் கட்டாயம் பிரித்தாக வேண்டும். என்ன ஆகும்? பக்கத்து நாற்காலிக்காரன் எழுதிய மென்பொருளில் பிழை இருப்பது எனக்குத் தெரிகிறது, சொன்னால் அவன் மேலே போய்விடுவான், நான் கடைசி. சொல்வேனா? கெட்டிக்காரர்கள் எல்லாம் தங்களைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிற குழுவில் சேரவே பயந்தார்கள்.

அந்த முறையை 2013 நவம்பரில், அதாவது பால்மர் பதவியில் இருக்கும்போதே ஒழித்துவிட்டார்கள் (5வது பதிலைப் பார்த்தால் இது ஆச்சரியமாக இருக்காது). மற்றவர்கள் வெற்றிக்கு நீ என்ன செய்தாய், மற்றவர் செய்ததை எப்படிப் பயன்படுத்திக்கொண்டாய் என்று அளக்கிற முறை அந்த இடத்துக்கு வந்தது. எல்லாம் தெரிந்தவனாக இருக்காதே, கற்றுக்கொள்கிறவனாக இரு என்று நாதெள்ளா ஊதி ஊதிப் பேசியது எடுபட்டது என்றால், கீழே படிவம் ஏற்கெனவே மாறியிருந்ததால்தான்.

சின்னச் செயலும் சில சமயம் வேலை செய்யும். பெப்ஸிகோவில் 2006 முதல் 2018 வரை சி.இ.ஓ.வாக இருந்த இந்திரா நூயி, தனக்குக் கீழே இருந்த மூத்த அதிகாரிகளின் அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதினார், உங்கள் பிள்ளை இன்ன வேலை செய்கிறார், இப்படி ஒருவரை வளர்த்துக் கொடுத்ததற்கு நன்றி என்று. சென்னை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் தன்னைவிட்டுவிட்டுத் தன் அம்மாவைப் பாராட்டியதைப் பார்த்து வந்த யோசனை அது. நம் பக்கத்து ஆச்சிகளுக்கு இதில் விளக்கம் தேவையில்லை, அமெரிக்க அதிகாரிகளுக்குத்தான் கண் கலங்கியது.

7. "கம்ப்யூட்டரே தெரியாத ஒருத்தர் ஐ.பி.எம்.மைக் காப்பாத்தினாராமே, நிஜமா?"

நிஜம்தான், கம்ப்யூட்டர் செய்யத் தெரியாது, வாங்கத் தெரியும். லூ கெர்ஸ்ட்னர் அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் இருந்தவர், பிறகு பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்கிற கம்பெனியை நடத்தியவர். 1993 ஏப்ரலில் ஐ.பி.எம்.முக்கு வந்தபோது அந்த வருட நஷ்டம் மட்டும் 810 கோடி டாலர். கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடலாம் என்று முந்தைய நிர்வாகம் திட்டம் போட்டு வேலையையே தொடங்கியிருந்தது. அதை நிறுத்தினார். வாடிக்கையாளராக இருந்தபோது அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பத்துக் கம்பெனியிடம் பத்துப் பெட்டி வாங்கி ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து ஓட வைப்பதற்குள் உயிர் போகிறது, அதை மொத்தமாகச் செய்து தர ஆள் இருந்தால் பணம் கொடுப்பேன். பெரிய கம்ப்யூட்டர்களின் விலையைக் குறைத்தார், சேவைத் தொழிலை வளர்த்தார். 2002ல் அவர் இறங்கும்போது வன்பொருளைவிடச் சேவையில்தான் வருமானம் அதிகம்.

ஒரு காட்சி. ஐ.பி.எம்.மில் கூட்டம் என்றால் புரொஜெக்டரில் பிளாஸ்டிக் தாள் தாளாகப் போட்டு விளக்குவது சடங்கு. வந்த புதிதில் ஒரு மூத்த அதிகாரி இரண்டாவது தாளில் இருக்கும்போது கெர்ஸ்ட்னர் எழுந்து போய்ப் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, உங்கள் தொழிலைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம் என்றார். அந்த விஷயம் சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. சுற்றறிக்கை போட்டிருந்தால் ஆறு மாதம் ஆகியிருக்கும்.

8. "வெளியிலேர்ந்து ஆளைக் கொண்டாறது நல்லதா, உள்ளேயே வளந்தவர் நல்லதா?"

கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தால் வெளி ஆள், ஓடிக்கொண்டே திசை தப்பியிருந்தால் உள் ஆள் என்பது என் கருத்து. கெர்ஸ்ட்னர் முதல் வகை, நாதெள்ளா இரண்டாவது. ஆனால் வெளி ஆள் வந்து கெடுத்த கதைகளும் இருக்கின்றன, அவற்றை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

ஜே.சி. பென்னி என்று அமெரிக்காவில் பெரிய துணிக்கடைச் சங்கிலி. ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சனை 2011ல் கொண்டுவந்தார்கள். அவர் வந்து தள்ளுபடிக் கூப்பன்களை எல்லாம் எடுத்துவிட்டு, தினமும் நியாய விலை என்றார். நினைத்துப் பாருங்கள், செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை இந்த வருடம் ஆடித் தள்ளுபடி கிடையாது, வருடம் முழுக்க ஒரே விலை என்று பலகை வைத்தால் யார் படியேறுவார்? விலை உண்மையிலேயே குறைவாக இருந்தாலும் தள்ளுபடி வாங்கிய சந்தோஷம் கிடைக்காது. 2012ல் அவர்கள் விற்பனை நான்கில் ஒரு பங்கு விழுந்தது, 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள். ஆப்பிளில் தள்ளுபடி இல்லாமல் விற்றவருக்கு எதை நிறுத்தக் கூடாது என்பது தெரியவில்லை.

இன்ஃபோசிஸும் அப்படித்தான் 2014ல் நிறுவனர் அல்லாத முதல் சி.இ.ஓ.வாக விஷால் சிக்காவைக் கொண்டுவந்தது. நிறுவனர் தரப்போடு பகிரங்கமாக முட்டிக்கொண்டு 2017 ஆகஸ்டில் அவர் விலகினார். அதற்குப் பிறகு 2018 ஜனவரியில் வந்த சலில் பரேக்கும் வெளி ஆள்தான், அவர் நிலைத்தார். நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி சேர்மனாகத் திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெளி ஆளைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, அவருக்கும் பழைய வீட்டுக்காரர்களுக்கும் நடுவில் ஒரு பெரியவர் வேண்டும்.

9. "ஆளைக் குறைக்காம மாற்றமே வராதா சார்? எங்க டீம்ல போன மாசம் எட்டுப் பேரைத் தூக்கிட்டாங்க."

ஆள்குறைப்பு செலவைக் குறைக்கும், மாற்றம் என்பது வேறு. நாதெள்ளாவும் 2014 ஜூலையில் 18,000 பேரை அனுப்புவதாக அறிவித்தார், அதில் பெரும் பகுதி நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். கைவிடப்போகிற தொழிலுக்கு ஆள் தேவையில்லை என்கிற அளவில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாமல் எல்லாப் பிரிவிலும் பத்து சதவிகிதம் வெட்டு என்று வந்தால் மேலே யாருக்கும் யோசனை இல்லை என்று அர்த்தம்.

மறுபக்கமும் உண்டு. ஜப்பானின் வீடியோ கேம் கம்பெனி நிண்டெண்டோ நஷ்டத்தில் இருந்தபோது ஆட்களை அனுப்ப மறுத்து, 2014ல் தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைச் சில மாதம் பாதியாக்கிக்கொண்டார். அந்தப் பொறியாளர்கள் இருந்ததால்தான் 2017ல் ஸ்விட்ச் என்கிற விளையாட்டுக் கருவி வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2015ல் காலமாகிவிட்டார்.

10. "எல்லாம் அமெரிக்காக் கதையா இருக்கே, நம்ம பக்கத்து ஆளுக யாரும் இல்லையா?"

பள்ளத்தூர் முருகப்பா குழுமத்தை விட்டுவிட்டு எங்கே போவது? 1900ல் பர்மாவின் மௌல்மேனில் வட்டிக்கடையாகத் தொடங்கியது, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே போட்ட முதலீட்டை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், 1949ல் டி.ஐ. சைக்கிள். 1788லிருந்து இருக்கிற ஈ.ஐ.டி. பாரியை 1981ல் வாங்கினார்கள். அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது 1990களின் கடைசியில் எம்.வி. சுப்பையா தலைமையில் நடந்த ஒன்று: குடும்பத்து ஆட்கள் அன்றாட நிர்வாக நாற்காலிகளிலிருந்து எழுந்து இயக்குநர் குழுவில் போய் உட்கார்ந்தார்கள், தொழில்களை நடத்த வெளித் தொழில் வல்லுநர்கள் வந்தார்கள். சொந்த அண்ணன் தம்பிகளிடம் போய் நீ எழுந்திரு என்று சொல்வது எந்தக் கம்பெனியை வாங்குவதையும்விடக் கஷ்டம், பங்காளிச் சண்டை பார்த்த நமக்குத் தெரியாததா?

அடுத்த தலைமுறையில் வெள்ளையன் சுப்பையா. பழைய கிராம்ப்டன் கிரீவ்ஸ்தான் சி.ஜி. பவர், 2019ல் கணக்கில் முறைகேடு வெளிப்பட்டுக் கடனில் மூழ்கிக் கிடந்தது. 2020ல் அவர் நடத்திய குழுமக் கம்பெனியான டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் சுமார் 700 கோடி ரூபாய் போட்டு அதைக் கையில் எடுத்தது. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் அப்போதும் நல்ல சரக்குதான், தொழிற்சாலையில் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், இல்லாதது நடைமுறைப் பணமும் நம்பிக்கையும். அதை நடத்த யாரை அனுப்பினார்கள் என்று பாருங்கள்: குழுமத்தின் நிதித் துறையில் ஊறிய நடராஜன் சீனிவாசன். கணக்கு கெட்ட வீட்டுக்குக் கணக்கு தெரிந்த ஆள். சில வருடங்களில் கடன் அடைந்தது, 2024ல் குஜராத்தின் சானந்தில் சிப் பொதியும் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

11. "அரசு வங்கியில ஒரு எம்.டி. இப்படியெல்லாம் செய்ய முடியுமா?"

நம் ஊர் வங்கியையே எடுத்துக்கொள்வோம். ஐ.ஓ.பி.யை எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். 1969ல் நாட்டுடைமை. வாராக்கடன் ஏறி 2015ல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டுக்குள் போனது, புதிதாகக் கடன் கொடுக்க, கிளை திறக்க எல்லாம் கெடுபிடி. 2021 செப்டம்பரில்தான் வெளியே வந்தது.

அந்த ஆறு வருடத்தில் எம்.டி. நாற்காலியில் பலர் மாறினார்கள். அரசு போட்ட மூலதனமும், திவால் சட்டமும், கீழே வசூலுக்கு அலைந்த மேலாளர்களும் சேர்ந்து மீட்டதை ஒரே ஆள் கணக்கில் எழுத முடியாது. அரசு வங்கி எம்.டி.க்கு 3வது பதிலில் சொன்னவற்றில் பாதி கையில் இல்லை. ஆளை அவர் இஷ்டத்துக்கு எடுக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது, பதவிக் காலமும் குறைவு. அதற்குள்ளும் சிலர் செய்கிறார்கள் என்றால் கும்பிட வேண்டும்.

12. "பங்கு விலை ஏறுனா சி.இ.ஓ. கெட்டிக்காரர்னு எடுத்துக்கலாம்ல?"

ஜாக் வெல்ச் 1981 முதல் 2001 வரை ஜி.இ. என்கிற ஜெனரல் எலெக்ட்ரிக்கை நடத்தினார். சுமார் 1,400 கோடி டாலர் மதிப்பாக இருந்தது, போகும்போது 40,000 கோடி டாலருக்கும் மேல். உலகத்து மேலாண்மைப் பள்ளிகள் எல்லாம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடின. 6வது பதிலில் சொன்ன கடைசி வரிசை முறையை ஊருக்கெல்லாம் பிரபலப்படுத்தியவரும் அவர்தான், வருடா வருடம் கீழே உள்ள பத்து சதவிகிதத்தை அனுப்பிவிடு என்பார்.

அந்த ஏற்றத்தில் பெரும் பங்கு விமான இன்ஜினாலும் டர்பைனாலும் வந்ததல்ல, ஜி.இ. கேப்பிட்டல் என்கிற நிதித் தொழிலால் வந்தது. குறுகிய காலக் கடன் வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுக்கிற வியாபாரம், வட்டிக்கடைக்கார ஊரில் இதன் ஆபத்து யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டாம். 2008ல் சந்தையில் பணம் புரளாமல் நின்றபோது வாரன் பஃபெட்டின் 300 கோடி டாலர் தேவைப்பட்டது. 2018ல் முதல் முறையாக வெளியிலிருந்து லேரி கல்ப்பைக் கொண்டுவந்தார்கள். அவர் கடனைக் குறைத்து, 2024 ஏப்ரலுக்குள் ஜி.இ.யை மூன்று கம்பெனியாகப் பிரித்து முடித்தார். கெர்ஸ்ட்னர் பிரிக்காமல் காப்பாற்றினார், கல்ப் பிரித்துக் காப்பாற்றினார். அதனால் பங்கு விலையை வைத்து மதிப்பிடுவதானால் ஒரு சி.இ.ஓ. பதவியிலிருந்து இறங்கிப் பத்து வருடம் கழித்துப் பாருங்கள்.

13. "இத்தனை கோடி சம்பளம் அநியாயமில்லையா?"

நாதெள்ளாவுக்கு 2024 நிதியாண்டில் 7.9 கோடி டாலர், அதில் பெரும்பகுதி பங்காக. பங்கு விழுந்தால் அதுவும் விழும் என்பது அவர்கள் வாதம். நம் சட்டத்தில் ஒரு எம்.டி.க்கு நிகர லாபத்தில் ஐந்து சதவிகிதம் வரை, அதற்கு மேல் என்றால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எனக்குச் சம்பளத்தின் அளவைவிட, லாபம் இறங்கிய வருடத்தில் அது இறங்கியதா என்பதுதான் கேள்வி. பல கம்பெனிகளில் இறங்குவதில்லை.

14. "நல்ல ஆள் போனதும் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி ஆயிடுதே, ஏன்?"

அவர் எல்லாவற்றையும் தன் தலையிலேயே வைத்திருந்தார் என்பதால். ஸ்டார்பக்ஸைப் பாருங்கள். ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2000ல் சி.இ.ஓ. பதவியை விட்டார், 2008ல் திரும்பி வந்தார், 2017ல் விட்டார், 2022ல் மறுபடி வந்தார். 2008 பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் அமெரிக்காவில் உள்ள சுமார் 7,100 கடைகளையும் மூடிவைத்துக் காபி போடுவது எப்படி என்று ஊழியர்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தார். அன்றைய வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று நிறுத்தினார், அது பெரிய விஷயம். ஆனால் திரும்பத் திரும்ப அவரே வர வேண்டியிருக்கிறது என்றால், வாரிசை உருவாக்குகிற வேலையில் அவர் தோற்றார் என்றுதான் நான் எழுதுவேன்.

பர்மாக் கடைகளில் இதற்கு வழி இருந்தது. புது ஏஜெண்டு வந்ததும் பழையவர் பேரேடு, பாக்கி, அடமானம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏற முடியும். பெட்டியடியில் இருந்த பையன் அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு அடுத்தவன்), அவனே ஒரு நாள் மேலாளாக, அதாவது ஏஜெண்டாகப் போவான். தங்கள் இடத்துக்கு ஆள் தயாராகிக்கொண்டே இருக்கும்.

15. "நான் சேரப்போற கம்பெனியில உண்மையிலேயே மாற்றம் நடக்குதா, சும்மா விளம்பரமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மூன்று வருடத்து ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். சேர்மன் கடிதத்தில் முதல் வருடம் சொன்ன திட்டம் மூன்றாவது வருடக் கடிதத்தில் இருக்கிறதா, சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டதா? பிரிவுவாரிக் கணக்கு என்று ஒரு பக்கம் இருக்கும், எதிர்காலம் என்று எதைச் சொல்கிறார்களோ அதில் முதலீடு கூடியிருக்கிறதா? பேச்சு மின்சார வண்டி, பணம் பூராவும் டீசல் இன்ஜினில் என்றால் தெரிந்துவிடும். லாபம் ஏறுகிறது, தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கம் ஏறவில்லை என்றால் எச்சரிக்கை. தணிக்கையாளர் பாதியில் விலகியிருந்தால் வேறு இடம் பாருங்கள். சம்பந்தப்பட்ட கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் பக்கத்தையும் விடாதீர்கள், 10வது பதிலில் சொன்ன மாதிரி முறைகேடுகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் முதலில் மூச்சுவிடும்.

பிறகு இரண்டாம் வரிசை ஆட்கள். சி.இ.ஓ.வுக்கு அடுத்த பத்துப் பேரில் ஒரே வருடத்தில் நான்கைந்து பேர் போயிருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு, சுத்தம் செய்கிறார் அல்லது யாரும் அவரோடு இருக்க முடியவில்லை. அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் யார் என்று பார்த்தால் எது என்று புரியும். எல்லாம் அவருடைய பழைய கம்பெனி ஆட்களாகவே இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

16. "அண்ணே, கடைசியா ஒண்ணு. நானும் சி.இ.ஓ. ஆகணும், என்ன படிக்கலாம்?"

நாதெள்ளா மணிப்பாலில் எலெக்ட்ரிக்கல், நூயி சென்னை கிறித்தவக் கல்லூரியில் இளங்கலை, சுந்தர் பிச்சை கரக்பூரில் உலோகவியல், கெர்ஸ்ட்னரும் பொறியியல்தான். எல்லோரும் மேல்படிப்புக்கு நல்ல இடங்களுக்குப் போனவர்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் எல்லோருமே சி.இ.ஓ. ஆவதற்கு முன் ஏதோ ஒரு பெரிய பொறுப்பை வருடக்கணக்கில் சுமந்து, அதன் பலனுக்குப் பதில் சொன்னவர்கள்.

அதனால் கேம்பஸில் தலைமை அலுவலகத்தில் பவர்பாயிண்ட் போடுகிற வேலையும் ஹோசூரிலோ ராணிப்பேட்டையிலோ தொழிற்சாலை வேலையும் ஒன்றாக வந்தால் தொழிற்சாலைக்குப் போ தம்பி. ஆரம்பச் சம்பளம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஷிஃப்டு உண்டு, கல்யாணத்துக்கு லீவு கிடைப்பது கஷ்டம். அதை ஆத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.